பயணிகள் எண்ணிக்கை: ஒன்று

முருகன்குறிச்சியில், செருப்புக் கடைக்கு மேல் மாடி.
ஏசி ஓடுகிறது, கதவு திறந்தே கிடக்கிறது.
"எத்தன பேருக்கா?" என்கிறான் இசக்கிதுரை.
மடியிலிருந்த கைப்பையைப் பக்கவாட்டில் நகர்த்துகிறேன்.
திரையைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான்,
மறுபடி திரையை.
எப்சிபா ஜெயசிங், பெண், வயது முப்பத்தொன்று.
பயணிகள்: ஒன்று என்று அடிக்கிறான்.

மாலேயில் இறங்கி
படகில் ஐந்து மணி நேரம் போனால் என் பள்ளிக்கூடம்.
ஒன்பதாம் வகுப்புக்கு நான்தான் கணக்கு.
லீவு முடிந்து மூன்றாம் நாள் போய் நிற்காவிட்டால்
என் பெயர் இருந்த இடத்தில் வேறொரு பெயர் இருக்கும்.

இங்கே எல்லாருக்கும் மாதக் கணக்கு.
"ஆறு முடிஞ்சி ஏழா?" என்று
மீன்காரி கூட விரல் மடக்கிச் சொல்லிவிடுகிறாள்.
பாலிசிக்கு மாதம் தெரியாது.
அதற்கு வாரம் வேண்டும், அதிலும் நாள் வேண்டும்.
"கடைசியா... அந்த..." என்று இழுக்கிறான்,
காது சிவந்து போகிறது, கல்யாணமாகாத பையன்.
தலைக்குத் தண்ணீர் ஊற்றிய தேதியை நானே சொல்கிறேன்,
பிறந்த தேதி சொல்வது போல.

இருபத்தாறு வாரம், நாலு நாள்.

அச்செடுத்துத் தந்தான், பதினாறு பக்கம்.
பெட்டி பன்னிரண்டு மணி நேரம் பிந்தினால்
ரூபாய் உண்டு.
பாஸ்போர்ட் தொலைந்தால் உண்டு.
பல்வலிக்கும் உண்டு, திடீரென்று வந்தால்.
பதினொன்றாம் பக்கத்தில்
பொடி எழுத்தில் நான் இருக்கிறேன்,
கலவரத்துக்குக் கீழே,
போதையில் விழுந்தவனுக்கு ஒரு வரி மேலே.

பெட்டி பிந்தினால் பணம்.
பிள்ளை முந்தினால் இல்லை.

இசக்கிதுரை போனைக் காதில் வைத்துக் காத்திருக்கிறான்.
அந்தப் பக்கம் இசை, பிறகு இந்தி, பிறகும் இசை.
"வேற கம்பெனி ஒண்ணு இருக்குக்கா,
இருபத்தெட்டு வாரம் வரைக்கும் எடுத்துக்கிடுதான்.
அவசரம்னா மட்டும். பிரசவம் கெடயாது.
பொறந்த பிள்ளைக்கும் கெடயாது.
ஆயிரத்து எண்ணூத்திச் சொச்சம் கூட வரும்."

அவசரம் முடிந்து பிரசவம் தொடங்குவது
எந்த இடத்தில் என்று கேட்டேன்.
கால்குலேட்டரைத் துடைத்துக்கொண்டே யோசித்தான்.
"அவங்க டாக்டர் என்ன சொல்லுதாரோ, அதாங்க்கா."

இதற்குக் காகிதமும் பேனாவும் தேவையில்லை.
பத்து நாள் அவர்கள் பொறுப்பு.
மிச்சம் எண்பத்து நாலு என் பொறுப்பு.

ரேச்சல் டாக்டர் சான்றிதழ் கொடுத்துவிட்டார்:
பறக்கத் தகுதி உண்டு.
பறப்பது திருவனந்தபுரத்திலிருந்து.
அதுவரை நாலு மணி நேரம் கொழுந்தன் காரில்,
நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு.
மூன்றடைப்பு என்று ஊருக்குப் பெயர் வைத்தவன்
வேகத்தடைகளை எண்ணியிருந்தால்
மூன்றோடு நிறுத்தியிருக்க மாட்டான்.
ஆரல்வாய்மொழிக் காற்று காரையே ஓரம் தள்ளும்.
அந்த நாலு மணி நேரத்துக்கு
யாரும் என்னிடம் வாரம் கேட்கவில்லை.

ராத்திரி டயர் கடையை அடைத்துவிட்டு வந்து
பதினாறு பக்கத்தையும் புரட்டினார் ஜெயசிங்.
விரல் பட்ட இடமெல்லாம் கரி.
போகாதே என்று சொல்லவில்லை,
போ என்றும் சொல்லவில்லை.
"நாமினி யாரப் போட்ட?"
"உங்களத்தான்."
சிரித்தார்.
பிறகு சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல்
எழுந்து போய்க் கை கழுவினார்.

மறுநாள் பணம் கட்டினேன்.
நாற்காலியில் சாய்ந்து
புதுப் பாலிசியை வயிற்றின் மேல் விரித்துப்
பெயரெழுத்துச் சரிபார்க்கும்போது
இடப்பக்கம் ஒரு உதை.
காகிதம் துள்ளியது.
இசக்கிதுரையும் பார்த்துவிட்டான்.

"ஒண்ணுன்னுதான் போட முடியும்க்கா" என்றான்,
கொஞ்ச நேரம் கழித்து.

"இருக்கட்டும்டே.
சீட்டு நடை ஓரமாப் பாரு,
அடிக்கடி எந்திரிக்கணும்."